சுவருக்கு அந்தப் பக்கம்: வீட்டு வேலையும் அண்டை வீட்டு உறவும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கட்டுகிறவர் படும் பாட்டைச் சொல்லும் பழமொழி அது. அவர் கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் படும் பாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பாடநூலிலும் அதற்குத் தனி இடம் இல்லை. ஆனால் ஒலி, கன அளவு, மண்ணின் தன்மை, சட்டம், கடிதம் என்று நாம் நடத்தும் பாடங்கள் பலவும் அந்த ஒரு சுவரின் இரு பக்கங்களிலும் கிடக்கின்றன. கும்பகோணத்தை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கணக்கு, சமூக அறிவியல், தமிழ் ஆசிரியர்களுடன் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பாடவேளைகளில் நடத்திய செயல்திட்டத்தை இங்கே பகிர்கிறேன். வேறு பள்ளிகளில் மாற்றியமைத்துக்கொள்ள உதவும் வகையில் செயல்பாடுகளைச் சற்று விரிவாகவே எழுதியுள்ளேன்.

ஏன் இந்தப் பாடம்?

எங்கள் பிள்ளைகள் வரும் தெருக்கள் பழைய தெருக்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம், கொல்லை என்று நீளவாக்கில் ஓடும் வீடுகள். ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போடுவதும், இருக்கும் தளத்தின்மேல் மாடி எடுப்பதும் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது நடக்கிறது. ஒரு வேலை ஆறு மாதம், எட்டு மாதம் என்று இழுக்கும். அத்தனை மாதமும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தச் சத்தத்துக்கும் தூசிக்கும் நடுவில்தான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும்.

எங்கள் வகுப்பில் மூன்று ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு மாணவிகள் திடீரென்று தள்ளித் தள்ளி உட்காரத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். ஒரு வீட்டில் மாடி எடுக்கிறார்கள். மற்ற வீட்டில் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறான். பெரியவர்களுக்குள் வாய்ச்சண்டை முற்றி, பிள்ளைகளுக்கு "அவளோட பேசாதே" என்று உத்தரவாகிவிட்டது.

அதே நாட்களில் இன்னொரு மாணவன் சொன்னதும் என்னை யோசிக்க வைத்தது. அவனுடைய அப்பா கொத்தனார். "வீட்டுக்காரங்க உள்ள இருப்பாங்க டீச்சர். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து திட்டுறது எங்கப்பாவைத்தான்" என்றான். எங்கள் வகுப்பில் கொத்தனார், சித்தாள், பெயின்டர், டைல்ஸ் வேலை செய்பவர் ஆகியோரின் பிள்ளைகள் பலர் உண்டு. கட்டுகிற வீடு, பக்கத்து வீடு, வேலை செய்கிறவரின் வீடு ஆகிய மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கும்போது இதைப் பாடமாக்காமல் விடக்கூடாது என்று தோன்றியது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. வகுப்பில் உள்ள உண்மையான சண்டையைப் பாடப்பொருளாக எடுக்கவேண்டாம். வகுப்பறை பஞ்சாயத்து ஆகிவிடும். இரண்டு பிள்ளைகள் அத்தனை பேர் முன்னிலையிலும் குறுகிப்போவார்கள். நாங்கள் கரும்பலகையில் ஐந்து வீடுகள் கொண்ட ஒரு தெருவை வரைந்து, நடுவில் உள்ள மூன்றாம் வீட்டில் வேலை நடப்பதாக வைத்துக்கொண்டோம். ஐந்து நாளும் பேச்சு அந்தத் தெருவைத் தாண்டவில்லை.

முதல் பாடவேளை: யாருக்கு என்ன சிரமம்?

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வீடு கொடுத்தேன். முதல் வீட்டில் கைக்குழந்தையும் இளைப்பு நோய் உள்ள தாத்தாவும் இருக்கிறார்கள். இரண்டாம் வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் மாணவன். மூன்றாம் வீட்டில் வேலை நடக்கிறது. நான்காம் வீட்டில் இரவுப்பணி முடிந்து காலையில் வந்து தூங்கும் செவிலியர். ஐந்தாம் வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. ஒவ்வொரு குழுவும் தன் வீட்டின் ஒரு நாளைக் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை எழுதவேண்டும். பிறகு மூன்றாம் வீட்டு வேலையால் எந்த நேரத்தில் என்ன தடைபடும் என்று குறிக்கவேண்டும்.

பிள்ளைகள் சொன்னவற்றில் பல எனக்கே புதியவை. தெருவில் மணல் கொட்டினால் பாவு நீட்ட இடம் இருக்காது என்றாள் தறி உள்ள வீட்டிலிருந்து வரும் மாணவி. சிமெண்டுத் தூசி பட்டு நூலில் படிந்தால் சேலையே போச்சு என்றும் சொன்னாள். மாடியில் வற்றல் காயவைக்க முடியாது, துணி காயப்போட முடியாது, வாசலில் கோலம் நிற்காது, ஜல்லி குத்தி சைக்கிள் பஞ்சராகும் என்று பட்டியல் நீண்டது. மூன்றாம் வீட்டுக் குழுவும் சும்மா இருக்கவில்லை. கடன் வாங்கிக் கட்டுகிறோம், வட்டி ஓடுகிறது, ஆள் கிடைக்கும் நாளில்தான் வேலை செய்யமுடியும், நாங்களும் அதே தூசியில்தான் சோறு பொங்குகிறோம் என்றார்கள்.

பட்டியலை முடித்ததும் ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். ஐந்து வீட்டிலும் கெட்டவர் யாரும் இல்லை. சிரமம் மட்டும் இருக்கிறது. ஆளைப் பேசாமல் சிரமத்தைப் பேசவேண்டும் என்ற விதியை அன்றே வகுத்துக்கொண்டோம்.

இரண்டாம் பாடவேளை: ஒலியும் நேரமும்

ஒலிமாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தவை. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் சராசரி ஒலி அளவு 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. இரவு நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக்கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே அளவு பகலில் 50, இரவில் 40.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு கணக்குக் கொடுத்தேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். டைல்ஸ் வெட்டும் இயந்திரம் 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் எழுப்புவதாகக் கொண்டால் 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82, 16 மீட்டரில் 76. பதினாறு மீட்டர் என்பது எங்கள் தெருவில் மூன்று நான்கு வீடுகள் தள்ளி. அங்கேயும் 76! 55க்கு இறங்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்டேன். கணக்குப் போட்டால் 180 மீட்டருக்கு மேல் வருகிறது. அதாவது தெருவைத் தாண்டி. விதியில் உள்ள அளவு சராசரி என்பதையும், இடையில் சுவர்கள் ஒலியைத் தடுக்கும் என்பதையும் மறக்காமல் சொல்லவேண்டும். ஆனாலும் பிள்ளைகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒட்டுச்சுவர்த் தெருவில் இந்தச் சிக்கலைத் தூரத்தால் தீர்க்கமுடியாது. நேரத்தை ஒதுக்கித்தான் தீர்க்கமுடியும்.

அடுத்து ஓர் எளிய சோதனை. எல்லோரும் ஒரு பத்தியை மௌனமாக வாசிக்க, நான் வகுப்பின் பின்னாலிருந்து எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். முதல் முறை எதுவும் சொல்லாமல், இடைவெளி விட்டு விட்டுத் தட்டினேன். இரண்டாம் முறை, "இப்போது பத்துமுறை தட்டுவேன், பிறகு மூன்று நிமிடம் தட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டினேன். எது அதிகத் தொந்தரவு என்று கேட்டபோது பெரும்பாலோர் முதல் முறையையே சொன்னார்கள். "எப்ப அடிப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தோம் டீச்சர், படிக்கவே முடியல." இரண்டு முறையும் தட்டும் கரண்டியும் ஒன்றுதான். முன்கூட்டிச் சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல, சிரமத்தின் ஒரு பகுதியையே அது குறைக்கிறது என்பதை வகுப்பு தானாகக் கண்டது. செயல்திட்டம் முழுவதற்கும் இதுவே அச்சாணி ஆயிற்று.

கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலியால் வகுப்பறை ஒலியை அளந்தும் பார்க்கலாம். அந்த அளவு துல்லியமானது அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாம் பாடவேளை: மணலுக்கு எவ்வளவு தெரு வேண்டும்?

இதைக் கணக்கு ஆசிரியர் நடத்தினார். கட்டுமானத்தில் ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. லாரியிலிருந்து கொட்டினால் ஏறத்தாழக் கூம்பு வடிவில் குவியும். கூம்பின் கன அளவுச் சூத்திரத்தைக் கொடுத்து, குவியலின் உயரம் 3 அடி என்றால் விட்டம் என்ன என்று கேட்டார். மூன்றில் ஒன்றும் உயரம் மூன்றும் அடிபட்டுப்போகும்; ஆரத்தின் வர்க்கம் 31.8, ஆரம் 5.6 அடி, விட்டம் சுமார் 11 அடி 3 அங்குலம். தெருவின் அகலம் 15 அடி. மீதி நான்கு அடிகூட இல்லை. சைக்கிள் போகும், ஆட்டோ போகாது, 108 ஆம்புலன்ஸ் வரவே வராது. இரண்டு யூனிட்டாகக் கொட்டினால் அதே உயரத்துக்கு விட்டம் 16 அடி. தெருவே மூடிவிடும்.

சுவரோடு அணைத்துக் கொட்டினால்? அரைக்கூம்பு ஆகும். ஒரு யூனிட்டுக்குச் சுவரிலிருந்து 8 அடி வெளியே வரும். 7 அடி வழி கிடைக்கும். ஆனால் சுவரையொட்டி 16 அடி நீளத்துக்குப் பரவும். வீட்டின் முகப்பு 14 அடி என்றால் மிச்ச மணல் பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும். பிறகு ஒரு குழுவின் யோசனை: செங்கல்லை அடுக்கித் தடுப்புப் போட்டு, 10 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் மணலை அடைத்தால் சரியாக 100 கன அடி. தெருவில் 11 அடி வழி மிஞ்சும். மணல் தன் வீட்டு முகப்பைத் தாண்டாது. அதே மணல்தான், அதே தெருதான். வடிவத்தை மாற்றியதும் ஆம்புலன்ஸ் வர வழி கிடைத்துவிட்டது.

இடிபாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 அடி உயரம், 10 அடி நீளம், 9 அங்குலக் கனமுள்ள சுவரின் கன அளவு 75 கன அடி. இடித்துக் குவிக்கும்போது இடைவெளி சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஒரே ஒரு சுவரை இடித்தாலே ஒரு யூனிட்டுக்குமேல் குப்பை. அதைத் தெருவிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது என்பதை 2016இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளே தெளிவாகச் சொல்லிவிட்டன. அதனால் இடிக்கும் நாளை முடிவு செய்யும்போதே அள்ளிக்கொண்டு போகும் வண்டியையும் முடிவு செய்யவேண்டும் என்று பிள்ளைகள் எழுதினார்கள்.

நான்காம் பாடவேளை: சுவரும் மண்ணும் சட்டமும்

பழைய தட்டில் ஈரமணலை நிரப்பி, அதன்மேல் இரண்டு செங்கற்களை அருகருகே நிறுத்தினோம். ஒரு செங்கல்லின் ஓரமாகக் கரண்டியால் மணலைத் தோண்டத் தோண்ட, அது மெல்லச் சாய்ந்தது. காவிரிப் படுகையில் மணலும் வண்டலும் கலந்த மண். பழைய வீடுகளின் அடித்தளம் ஆழம் குறைவு. புதுத் தூணுக்காகப் பக்கத்திலேயே ஆழமாகக் குழி வெட்டினால் பழைய சுவரின் பிடிமானம் போகும் என்பதைத் தட்டில் கண்ணால் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் நீளமாகத் தோண்டாமல், துண்டு துண்டாகத் தோண்டி உடனுக்குடன் கட்டி நிரப்புவது ஏன் என்பதும் புரிந்தது.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்ற கேள்வி வந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் வெளிச்சம், காற்று, கட்டடத்துக்கான தாங்கல் ஆகியவற்றைப் பேசுகிறது. வசதியுரிமையாக 20 ஆண்டுகள் தடையின்றி, அமைதியாகத் தொடர்ந்து அனுபவித்தால் அவை உரிமை ஆகும் என்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996இல் பொதுச்சுவருக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். பொதுச்சுவரில் கைவைக்க இரண்டு மாதம் முன்பும், அருகில் குறிப்பிட்ட ஆழத்துக்குமேல் தோண்ட ஒரு மாதம் முன்பும் அண்டை வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திராமல் நாமே அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டால் என்ன என்று சமூக அறிவியல் ஆசிரியர் கேட்டுவிட்டு விவாதத்தை வகுப்பிடம் விட்டார்.

விரிசல் பற்றிய செயல்பாடு இந்தப் பாடவேளையில்தான். வேலை தொடங்கும் முன் இரு வீட்டாரும் சேர்ந்து நின்று, இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளவேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதவேண்டும். குறுக்கே ஒரு சிறு பட்டையாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி வைத்தால், சுவர் அசையும்போது பட்டை வெடிக்கும். எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரில் இருந்த விரிசலிலேயே பிள்ளைகள் இதைச் செய்தார்கள். விரிசல் நேற்று வந்ததா பத்து வருடத்துக்கு முன் வந்ததா என்ற சண்டைக்கு ஒரு பென்சில் கோடு பதில் சொல்லிவிடும்.

அன்றைக்குப் பாதி நேரத்தைக் கொத்தனாராக உள்ள அந்தப் பெற்றோருக்கு ஒதுக்கியிருந்தோம். தளம் போடும் நாளில் ஏன் நடுவில் நிறுத்தமுடியாது என்று அவர் விளக்கினார். சிமெண்டில் தண்ணீர் கலந்த பிறகு சில மணி நேரத்தில் இறுகிவிடும். பாதியில் நிறுத்தினால் பழைய கலவைக்கும் புதிய கலவைக்கும் இடையில் ஒட்டுவாய் விழுந்து, பின்னால் அந்த இடத்தில் ஒழுகும். அதனால் கலவை இயந்திரம் காலையில் தொடங்கினால் தளம் முடியும்வரை ஓடியே தீரவேண்டும். பிறகு குறைந்தது ஏழு நாளாவது தளத்தைத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். கலப்புச் சிமெண்டு என்றால் பத்து நாள். அந்தத் தண்ணீர்தான் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கிச் சண்டையைக் கொண்டுவரும். பாத்தியின் ஓரத்தில் கலவைக் கரையை உயர்த்தி, தண்ணீர் தன் வீட்டுப் பக்கமே வடியும்படி செய்வது கொத்தனாரின் கையில் இருக்கிறது என்றார்.

டைல்ஸையும் கிரானைட்டையும் உலர்வாக வெட்டும்போது பறக்கும் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைப் பாழாக்கும் என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு குறையும். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் கருவி கட்டாயம். இதில் முதல் நன்மை அடைவது வெட்டுகிற தொழிலாளி. அடுத்தது பக்கத்து வீடு. "நீங்க வீட்டுக்காரங்ககிட்ட கேட்டா நாங்க தண்ணி விட்டுத்தான் வெட்டுவோம்" என்று அவர் சொன்னபோது அவருடைய மகன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

ஐந்தாம் பாடவேளை: கதவைத் தட்டுவது எப்படி?

தமிழாசிரியர் இரண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுதினார். "நாளைக்கு வேலை ஆரம்பிக்கிறோம் அக்கா, கொஞ்சம் பொறுத்துக்குங்க." "அடுத்த வாரம் வேலை ஆரம்பிக்கலாம்னு இருக்கோம் அக்கா, உங்க வீட்ல பரீட்சை, விசேஷம் ஏதாவது இருக்கா?" முதலாவது முடிந்துபோன முடிவைச் சொல்கிறது. இரண்டாவது பதிலுக்கு இடம் விடுகிறது. இரண்டையும் நடித்துக் காட்டியபோது, முதல் வாக்கியத்துக்கு "சரி" என்று ஒற்றைச் சொல் வந்தது. இரண்டாவதற்கு, "பதினெட்டாந்தேதி பொண்ணு பார்க்க வர்றாங்க, அன்னைக்கு மட்டும் இடிக்காம இருங்களேன்" என்று நான்காம் வீட்டு மாணவி சமயோசிதமாகப் பதில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. தேவையான செய்தியும் கிடைத்துவிட்டது.

நிலை வைக்கும் நாளுக்கும் புதுமனை புகும் நாளுக்கும் தெருவையே அழைக்கிறோம். சுவர் இடிக்கும் நாளுக்கு யாரையும் எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை என்று ஒரு மாணவன் சொன்னான். அந்தக் குறையைத் தீர்க்கும் விதமாக அறிவிப்புக் கடிதம் எழுதும் பணி தரப்பட்டது. ஐந்து குழுக்கள் எழுதியதைச் சேர்த்து வகுப்பு உருவாக்கிய கடிதம் இது:

"அன்புள்ள பெரியம்மா, மாமா மற்றும் தெருவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போடப்போகிறோம். தை முதல் வாரம் தொடங்கி வைகாசிக்குள் முடிக்க முயல்கிறோம். வேலை நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை. ஞாயிறு விடுமுறை. அதிகச் சத்தம் வரும் நாட்கள் மூன்று வகை: சுவர் இடிக்கும் 6 நாட்கள், தளம் போடும் 1 நாள், டைல்ஸ் வெட்டும் 10 நாட்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் முன்னதாக நேரில் வந்து சொல்வோம். தளம் போடும் நாளில் மட்டும் வேலை இருட்டும்வரை நீளலாம். பக்கங்களில் பச்சை வலை கட்டுகிறோம். மாலையில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவோம். மணலும் ஜல்லியும் எங்கள் முகப்பைத் தாண்டாது. உங்கள் சுவரில் ஏதாவது நேர்ந்தால் சரிசெய்து தருவது எங்கள் பொறுப்பு. சிரமம் இருந்தால் வேலை செய்பவர்களிடம் கோபப்படவேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள்."

கடைசி வாக்கியம் கொத்தனாரின் மகன் இருந்த குழு எழுதியது.

இதற்குப் பதில் கடிதம் எழுதுவது அடுத்த பணி. முறையிடுவதற்கும் ஓர் அழகு உண்டு: நாள், நேரம், நடந்தது, நமக்கு வேண்டியது என்ற நான்கும் இருக்கவேண்டும், பழைய கதைகள் கூடாது. "எப்போ பார்த்தாலும் சத்தம்" என்று எழுதாமல், "செவ்வாய், புதன் இரண்டு நாளும் இரவு 8 மணிவரை டைல்ஸ் வெட்டினார்கள்; 6 மணியோடு நிறுத்தினால் தம்பி படிக்க முடியும்" என்று எழுதப் பழக்கினோம். பேசித் தீராதபோது வார்டு உறுப்பினர், உள்ளாட்சி அலுவலகம், காவல் நிலையம் என்று எந்தப் படியில் எப்போது ஏறவேண்டும் என்பதையும் பேசினோம்.

என்ன மாறியது?

இந்த ஐந்து பாடவேளைகளால் அந்த இரண்டு வீடுகளும் கூடிக்கொண்டன என்று எழுதமாட்டேன். மாடி எடுத்த வீட்டு மாணவி தன் நோட்டில் எழுதிய கடிதத்தை அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் வெட்டும் வேலை நின்றது. படிக்கும் அண்ணனுக்கும், அவனைப் போல வீட்டில் இடமில்லாத சிலருக்கும், தலைமையாசிரியரின் இசைவோடு மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்தோம். இரண்டு மாணவிகளையும் நான் ஒன்றாக உட்காரச் சொல்லவில்லை. விரிசலில் கோடு போடும் குழுவில் இருவர் பெயரும் இருந்தது. ஒருத்தி அளவுகோலைப் பிடிக்க மற்றவள் தேதி எழுதினாள். வீட்டுக்குள் போய் நாட்டாமை செய்வது ஆசிரியரின் வேலை அல்ல. பள்ளிக்குள் பிள்ளைகள் பேசிக்கொள்ள ஒரு காரணம் ஏற்படுத்தித் தருவது நம்மால் முடியும்.

தொடக்க வகுப்புகளுக்கு

ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை இதைக் கட்டை விளையாட்டாக நடத்தலாம். ஒரு குழு கட்டைகளால் வீடு கட்டும். ஒட்டியே உட்கார்ந்த மற்றொரு குழு படம் வரையும். கட்டும் குழு "நான் இப்போ கட்டை போடப்போறேன்" என்று சொல்லிவிட்டே போடவேண்டும். கட்டை அடுத்தவர் கோட்டைத் தாண்டி விழுந்தால் எடுத்து, "வலிச்சுதா? படம் கலைஞ்சுதா?" என்று கேட்கவேண்டும். பிறகு குழுக்கள் இடம் மாறவேண்டும். நான்கு, ஐந்தாம் வகுப்பில் சுத்தியல், டிரில்லிங், கலவை இயந்திரம், மணல் லாரி ஆகியவற்றின் ஒலிகளை நடித்துக் காட்டி, எந்த ஒலி எந்த நேரத்தில் பரவாயில்லை என்று கடிகாரப் படத்தில் வண்ணம் தீட்டச் செய்யலாம். மணற்குவியல் கணக்கைக் கூம்புக்குப் பதிலாகக் கனச்செவ்வகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பீட்டுக்குச் சில கேள்விகள்

1. உங்கள் தெருவின் அகலத்தை அடியில் அளந்து வாருங்கள். ஒரு யூனிட் ஜல்லியை ஆம்புலன்ஸ் போகும் வழிவிட்டு எந்த வடிவில் அடுக்கலாம்?
2. 1 மீட்டரில் 94 டெசிபல் உள்ள டிரில்லிங் இயந்திரம் 8 மீட்டரில் எவ்வளவு? அந்த வேலையை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வீர்கள்? காரணம் எழுதுக.
3. தளம் போடும் வேலையை மாலை ஆறு மணிக்குப் பாதியில் நிறுத்தச் சொல்லும் பக்கத்து வீட்டாருக்கு நிறுத்தமுடியாத காரணத்தைப் பணிவாக விளக்கி ஐந்து வரி எழுதுக.
4. பக்கத்து வீட்டுச் சுவரில் புதிய விரிசல் என்று புகார் வருகிறது. இரு வீட்டாரும் அடுத்து செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்துக.

மூன்றாம் கேள்விக்கு விடை எழுதும்போது பக்கத்து வீட்டாரின் பக்கம் நின்ற பிள்ளைகளும் ஒருமுறை கட்டுகிறவரின் பக்கம் வந்து நிற்கிறார்கள். அதனால் இதைத் தவறாமல் கொடுக்கப் பரிந்துரைக்கிறேன்.

பள்ளியும் ஓர் அண்டை வீடுதான். புதிய வகுப்பறை, கழிவறை, சுற்றுச்சுவர் என்று பள்ளியில் வேலை நடக்கும்போது சுற்றியுள்ள வீடுகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஓர் அறிவிப்பு கொடுக்கலாம். அதைப் பிள்ளைகளே எழுதலாம். நம்மில் பலரும் கடன் வாங்கி வீடு எடுத்துக்கட்டுகிறவர்கள்தான். வேலையைப் பெரும்பாலும் கோடை விடுமுறையில் தொடங்குவோம். நமக்கு விடுமுறை என்பதால் பக்கத்து வீட்டுக்கும் வசதியான நேரம் என்று ஆகாது. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணோ அங்கே இருக்கலாம். கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இரு பக்கத்துக் கதவையும் ஒருமுறை தட்டி, "உங்க வீட்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு நாள் குறிப்போம்.